டயட்டெடிக்ஸ் முடித்தவர்களுக்கு: வார்டில் தொடங்கினால் எங்கெங்கே போகலாம்

மே மாதம் பிறந்துவிட்டால் என் தொலைபேசிக்கு ஒரே மாதிரி அழைப்புகள் வர ஆரம்பிக்கும். “மேடம், நியூட்ரிஷன் அண்டு டயட்டெடிக்ஸ் முடிச்சுட்டேன், அடுத்து என்ன பண்றது?” சில வீடுகளில் பிள்ளை பேசாது, அப்பாதான் பேசுவார். “இந்தப் படிப்புக்கு வேலை இருக்குங்களா, இல்ல பேங்க் பரீட்சைக்கு உட்காரச் சொல்லட்டுமா?”

வேலை இருக்கிறது. ஆனால் நர்சிங் முடித்தவரை அழைப்பதுபோல மறுவாரமே யாரும் கூப்பிட மாட்டார்கள். தேடிப் போக வேண்டும், அதையும் சரியான வரிசையில் தேட வேண்டும். திருச்சிப் பக்கம் ஒரு மருத்துவமனையில் 18 வருடமாக டயட்டீஷியனாக, அதாவது நோயாளிகளுக்கு உணவுத் திட்டம் போடுகிறவராக இருக்கிறேன். என்னிடம் இன்டர்ன்ஷிப் செய்த பிள்ளைகள் இப்போது துபாயிலும் இருக்கிறார்கள், மசாலா கம்பெனியிலும் இருக்கிறார்கள், ஒருத்தி கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். நன்றாக வந்தவர்கள் எல்லோரும் முதல் ஒன்றிரண்டு வருடத்தை வார்டில் கழித்தவர்கள். எந்தப் பாதைக்குப் போனாலும் அந்தக் காலம் கைகொடுக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரையில் வார்டைப் பற்றி அதிகமாகவும் மற்றதைக் கொஞ்சம் வேகமாகவும் சொல்லப்போகிறேன்.

முதலில் கையில் இருக்கும் சான்றிதழைப் படியுங்கள்

சிரிக்காதீர்கள். உங்கள் பட்டத்தின் பெயர் சான்றிதழில் எப்படி அச்சாகியிருக்கிறது என்பதை எழுத்து விடாமல் பாருங்கள். ஒரு கல்லூரியில் “நியூட்ரிஷன் அண்டு டயட்டெடிக்ஸ்”, இன்னொன்றில் “கிளினிக்கல் நியூட்ரிஷன்”, வேறொன்றில் “ஹோம் சயின்ஸ்”, மற்றொன்றில் “ஃபுட் சர்வீஸ் மேனேஜ்மென்ட்”. படித்தது ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் வேலை அறிவிப்பில் கேட்கும் பெயரும் சான்றிதழில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் அரசு அலுவலகத்தில் உங்கள் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். பெயர் சற்று மாறியிருந்தால், இணையான பட்டம் என்று பல்கலைக்கழகத்திடம் ஒரு கடிதம் இப்போதே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடைசித் தேதிக்கு முந்தின நாள் அந்தக் கடிதம் கிடைக்காது.

பி.எஸ்சி. மட்டும் போதுமா? வேலையில் சேரப் போதும், நிலைத்து மேலே வரப் போதாது. இளங்கலையோடு நின்றவர்களை ஜிம், உடல் எடைக் குறைப்பு மையம், செயலி வழியாக ஆலோசனை தரும் நிறுவனம், மருத்துவமனையில் உதவி டயட்டீஷியன் ஆகிய இடங்களில் எடுத்துக்கொள்கிறார்கள். கொஞ்சம் பெரிய மருத்துவமனை என்றால் எம்.எஸ்சி. அல்லது ஒரு வருட முதுநிலை டிப்ளமோ கேட்கிறார்கள். வீட்டில் இரண்டு வருடம் படிக்க வைக்க வசதி இல்லையென்றால் அந்த ஒரு வருட டிப்ளமோவைக் குறைவாக எண்ண வேண்டாம். மருத்துவமனையோடு சேர்ந்து நடக்கும் டிப்ளமோ என்றால், நோயாளியைப் பார்க்காத எம்.எஸ்சி.யைவிட அது எவ்வளவோ மேல்.

தொலைதூரக் கல்வியில் எம்.எஸ்சி. சேர்ந்துவிடலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு முக்கியமான செய்தி. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து சுகாதாரப் படிப்புகளைத் தொலைதூர, ஆன்லைன் முறையில் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லிவிட்டது. உணவு, ஊட்டச்சத்து அறிவியலும் கிளினிக்கல் நியூட்ரிஷன் அண்டு டயட்டெடிக்ஸும் அந்தப் பட்டியலில் உண்டு. இன்னும் யாராவது “அட்மிஷன் போட்டுத் தருகிறேன்” என்று வந்தால் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

இதற்குப் பின்னால் இருப்பது 2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவ, சுகாதாரப் பணியாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம். டயட்டீஷியன்களையும் நியூட்ரிஷனிஸ்ட்களையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். இதுவரை யார் வேண்டுமானாலும் மூன்று மாத ஆன்லைன் கோர்ஸ் முடித்து “நியூட்ரிஷனிஸ்ட்” என்று பலகை மாட்டிக்கொள்ளும் நிலைதான் இருந்தது. இந்தச் சட்டப்படி இந்தத் தொழிலில் உள்ளவர்களுக்கான பதிவேடு முழுமையாக நடைமுறைக்கு வரும்போது முறையாகப் படித்தவர்களுக்குத்தான் லாபம். அதனால் மதிப்பெண் பட்டியல், இன்டர்ன்ஷிப் சான்று, பணி அனுபவக் கடிதம் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு வைத்திருங்கள்.

இன்டர்ன்ஷிப்: எந்த மருத்துவமனை என்று பார்க்கும் விதம்

ஏசி லாபி, கண்ணாடிக் கதவு பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். போய்க் கேட்க வேண்டியவை சில உண்டு. எத்தனை படுக்கை? டயாலிசிஸ் உண்டா? ஐ.சி.யு.வில் டயட்டீஷியன் ரவுண்ட்ஸ் போகிறாரா, இல்லை டாக்டர் எழுதியதைப் பார்த்துச் சமையலறைக்குச் சொல்வதோடு சரியா? புற்றுநோய், கல்லீரல், குழந்தைகள் பிரிவுகளில் எதெது இருக்கிறது? இன்டர்ன்களை வார்டில் விடுவார்களா, அல்லது ஆறு மாதமும் டயட் கார்டு நிரப்ப வைப்பார்களா? கடைசிக் கேள்விக்கு நிர்வாகம் சொல்லும் பதிலை நம்ப வேண்டாம். அங்கே இப்போது இன்டர்ன்ஷிப் செய்துகொண்டிருக்கும் பிள்ளையைக் கேன்டீனில் பிடித்துக் கேளுங்கள்.

ஒரு நாள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். காலை ஏழு மணிக்குள் சமையலறை. இட்லி ட்ராலி கிளம்பும் முன் டயட் லிஸ்ட்டைச் சரிபார்க்க வேண்டும்: யாருக்குச் சாதாரண உணவு, யாருக்குச் சர்க்கரை இல்லாதது, யாருக்கு உப்புக் குறைவு, யாருக்குக் கஞ்சி, யாருக்கு ரைல்ஸ் ட்யூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய்) வழியாக ஃபீட், யார் ஆபரேஷனுக்காக வெறும் வயிறு. அந்தக் கடைசி ஆளுக்குத் தட்டு போய்விட்டால் அன்றைக்கு ஆபரேஷன் தியேட்டரே உங்கள் பெயரைச் சொல்லும். அப்புறம் முந்தின நாள் அட்மிஷன்கள். ஒவ்வொருவரிடமும் எடை குறைந்ததா, பசி எப்படி, கடைசி ஒரு வாரம் என்ன இறங்கியது என்று கேட்டு, சத்துக்குறைவு அபாயம் யாருக்கு என்று பிரித்துக் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். என்.ஏ.பி.ஹெச். என்ற மருத்துவமனைத் தர வாரியத்தின் தரச்சான்று வாங்கிய மருத்துவமனைகளில் இந்தப் பதிவைத் தணிக்கையில் பார்ப்பார்கள். டயட்டீஷியன் பணியிடம் பல மருத்துவமனைகளில் நிலைத்ததற்கு இந்தத் தணிக்கையும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். மதியம் டிஸ்சார்ஜ் ஆகிறவர்களுக்கு ஆலோசனை. நடுவில் ஐ.சி.யு.: இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை 200 மில்லி போக வேண்டிய ஃபீட் நேற்று எத்தனை முறை நிறுத்தப்பட்டது, ஏன், அந்தக் குறையை இன்று எப்படி ஈடுகட்டுவது.

புத்தகத்தில் இல்லாதது வார்டில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். என் முதல் வருடத்தில் நடந்ததையே சொல்கிறேன்.

டயாலிசிஸுக்கு வரும் பெரியவர் ஒருவர், பழைய லாரி டிரைவர். உடம்பில் நீர் தேங்குகிறது, ரத்த அழுத்தமும் இறங்கவில்லை. “உப்பைப் பாதியாகக் குறைங்கய்யா” என்று சொல்லி, சார்ட்டும் எழுதிக் கொடுத்தேன். அடுத்த ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் ஏறியிருந்தது. வாழைப்பழமா, இளநீரா, தக்காளியா, கீரையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எதுவும் தொடவில்லை என்று அவர் மனைவி சாமி மேல் சத்தியம் செய்தார். பொட்டாசியம் கரைந்து போகட்டும் என்று காய்கறியை நறுக்கி, நிறைய தண்ணீரில் வேக வைத்து வடித்துவிட்டுத்தான் தாளிக்கிறாராம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் சீனியர் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “வீட்டு உப்பு பாக்கெட்டை எடுத்துட்டு வரச் சொன்னியா?” மறுமுறை கொண்டுவந்தார்கள். அப்பாவுக்கு நல்லது செய்கிறோம் என்று மகன் சூப்பர் மார்க்கெட்டில் “லோ சோடியம்” உப்பு வாங்கியிருக்கிறார். அதில் சோடியத்தைக் குறைத்த இடத்தில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு. சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு அது விஷத்துக்குச் சமம்.

இது எனக்குத் தெரியாததா? தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். “உப்பைக் குறையுங்கள்” என்ற சொல் ஒரு வீட்டுக்குள் போய் எப்படியெல்லாம் மாறும் என்பதுதான் தெரியவில்லை. அன்றிலிருந்து சிறுநீரக நோயாளி யார் வந்தாலும் உப்பு, மசாலா, சத்துமாவு பாக்கெட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு வரச் சொல்லிவிடுவேன்.

இன்டர்ன்ஷிப்பில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். தினம் ஒரு நோயாளி: வயது, நோய், ரத்த அளவுகள், நீங்கள் போட்ட கணக்கு, கொடுத்த உணவு, ஒரு வாரம் கழித்து என்ன ஆயிற்று. பெயரை மட்டும் எழுதாதீர்கள். ஆறு மாத முடிவில் நூற்றைம்பது கேஸ் கையில் இருக்கும். எந்த நேர்முகத் தேர்விலும் அந்த நோட்டைவிடப் பெரிய சான்று கிடையாது.

கணக்குக்கு அடிப்படையாக இரண்டு வெளியீடுகள் எப்போதும் கையில் இருக்கட்டும்: ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணை, 2020-இல் வந்த அன்றாடத் தேவைப் பரிந்துரை. முதலாவதில் 528 உணவுப் பொருள்கள் இருக்கின்றன. வெளிநாட்டு இணையதளத்தில் “ரைஸ், ஒன் கப்” என்று தேடிக் கணக்குப் போடுகிறவர்களை நான் வார்டில் விடுவதில்லை. (அந்த நிறுவனம் 1918-இல் ஒரே ஓர் அறையில் தொடங்கப்பட்டது நம் குன்னூரில்தான். 1958-இல் ஹைதராபாத்துக்குப் போனது.)

ஆர்.டி. எழுத வேண்டுமா?

எழுதுங்கள். இந்தியன் டயட்டெடிக் அசோசியேஷன் நடத்தும் இந்தத் தேர்வில் தேறினால் பெயருக்குப் பின்னால் ஆர்.டி. (ரெஜிஸ்டர்டு டயட்டீஷியன்) என்று போட்டுக்கொள்ளலாம். பட்டமேற்படிப்போ முதுநிலை டிப்ளமோவோ இருக்க வேண்டும், மருத்துவமனை இன்டர்ன்ஷிப்பும் வேண்டும். எந்த மருத்துவமனையை ஏற்பார்கள், எத்தனை மாதம் என்ற விதிகளை அவர்கள் தளத்தில் பார்த்துவிட்டு அதற்கு ஏற்ற இடத்தில் சேருங்கள். சேர்ந்த பிறகு பார்த்துவிட்டு அழுத பிள்ளைகள் உண்டு.

தேர்வில் நோய்க்கான உணவு மட்டும் வராது. உடலியங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உணவகப் பராமரிப்பு, சமூக ஊட்டச்சத்து எல்லாம் வரும். மூன்றாம் வருடத்தில் தூக்கிப் போட்ட நோட்டுகளைத் தேடி எடுக்க வேண்டியிருக்கும். வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் கழித்து எழுதலாம் என்று தள்ளிப்போட்டவர்களில் பாதிப் பேர் எழுதவே இல்லை, கல்யாணம் குழந்தை என்று போய்விடுகிறது. இன்டர்ன்ஷிப் முடிந்த சூட்டோடு எழுதிவிடுவதுதான் நல்லது.

முதல் வேலையும் சம்பளமும்

சம்பளத்தைப் பற்றி ஒளிக்காமல் பேசுவோம். நம் மாவட்டத் தலைநகரங்களில் தனியார் மருத்துவமனையில் புதிதாகச் சேரும் டயட்டீஷியனுக்கு மாதம் 15,000 முதல் 20,000 ரூபாய் வரை கொடுப்பதைத்தான் நான் பார்த்துவருகிறேன். சென்னை, பெங்களூரின் பெரிய மருத்துவமனைகளில் கொஞ்சம் கூடும், ஹாஸ்டல் வாடகையும் கூடவே கூடும். ஐந்து வருடம் படித்துவிட்டு இதுதானா என்று வயிறு எரியும். எனக்கும் எரிந்தது. ஒரே இடத்தில் பத்து வருடம் உட்கார்ந்திருந்தால் பெரிதாக ஏறவும் ஏறாது. இரண்டு மூன்று வருடத்தில் சிறுநீரகம், ஐ.சி.யு., புற்றுநோய், குழந்தைகள் என்று ஏதாவது ஒன்றில் கை தேர்ந்தவர் என்ற பெயரை வாங்கிக்கொண்டு இடம் மாறும்போதுதான் சம்பளம் நகர்கிறது.

சேரும்போது அசல் சான்றிதழ்களைக் கேட்டால் கொடுக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டலாம், நகல் கொடுக்கலாம், அவ்வளவுதான். என்னோடு படித்த தோழி ஒருத்தி அசலைக் கொடுத்துவிட்டு, வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்தபோது வாங்க முடியாமல் நான்கு மாதம் அலைந்தாள். இத்தனை காலம் விலக மாட்டேன் என்று பாண்டு எழுதச் சொன்னால் வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு நாள் வைத்துப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அரசு வேலைக்குக் காத்திருப்பவர்களுக்கு

காத்திருங்கள், ஆனால் வேலை பார்த்துக்கொண்டே காத்திருங்கள். மருத்துவமனை டயட்டீஷியன் பணியிடங்கள் அரசில் குறைவு. ரயில்வேயை எடுத்துக்கொள்ளுங்கள்: சம்பள நிலை லெவல் 7, அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய். கேட்கவே இனிக்கிறது. ஆனால் 2024-இல் வந்த துணை மருத்துவப் பணியாளர் அறிவிப்பில் நாடு முழுவதற்கும் டயட்டீஷியன் இடம் ஐந்து. எய்ம்ஸ், ஜிப்மர், இ.எஸ்.ஐ. போன்ற நிறுவனங்களும் அவ்வப்போது எடுக்கின்றன, அங்கும் இடங்கள் கைவிரலுக்குள் அடங்கும். இதை நம்பி இரண்டு வருடம் வீட்டில் உட்கார்ந்தால், அப்புறம் தனியார் மருத்துவமனையும் “நடுவில் என்ன செய்தீர்கள்?” என்று கேட்கும்.

மருத்துவமனைக்கு வெளியே பார்த்தால் கதவு கொஞ்சம் அகலம். 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஐ.சி.டி.எஸ். என்ற ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம்தான் நம் ஊர் அங்கன்வாடிகளின் அடித்தளம். அதில் வட்டார அளவில் பொறுப்பு வகிக்கும் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலர் பதவிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது. ஊட்டச்சத்து, மனையியல் பட்டதாரிகளுக்கு உரிய பதவி அது. ஆனால் ஒன்று, அதில் டயட் சார்ட் எழுதும் வேலை கிடையாது. எடை பார்க்கும் கருவி பழுது, சத்துமாவு வந்து சேரவில்லை, பணியாளர் விடுப்பு, மாதாந்திர அறிக்கை என்று முழுக்க நிர்வாகம். ஊர் ஊராகப் போகப் பிடித்தவர்களுக்கு நல்ல வேலை, மேசை வேலை தேடுகிறவர்களுக்குச் சரிப்படாது.

தேசிய சுகாதார இயக்கத்தில் ஒப்பந்தப் பணிகளும் வரும். கடுமையான சத்துக்குறைவுள்ள குழந்தைகளைத் தாயோடு சேர்த்து வைத்துத் தேற்றி அனுப்பும் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையங்களில் ஆலோசகர் பணி அப்படிப்பட்டது. மாவட்ட அளவில் அறிவிப்பார்கள், செய்தித்தாளின் மூலையில் வரும், பத்து நாளில் முடிந்துவிடும். உங்கள் மாவட்ட இணையதளத்தின் அறிவிப்புப் பகுதியை வாரம் ஒரு முறை பார்க்கிற பழக்கம் இருந்தால்தான் இது கண்ணில் படும்.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் பதவியைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். அதற்குத் தகுதியான பட்டங்களின் பட்டியல் விதியிலேயே இருக்கிறது. உணவுத் தொழில்நுட்பம், பால்வளத் தொழில்நுட்பம், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் என்று போகும். “நானும் உணவுதானே படித்தேன்” என்று பணம் கட்டிவிடாதீர்கள். அந்தந்த அறிவிப்பில் உங்கள் பட்டத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

கம்பெனி வேலை

நம் பிள்ளைகள் அதிகம் கவனிக்காத பக்கம் இது. பத்தோ அதற்கு மேலோ கிளைகள் உள்ள உணவக நிறுவனங்கள் மெனுவில் ஒவ்வொரு உணவுக்கும் கலோரி அளவைக் காட்ட வேண்டும் என்று எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம்) விதி இருக்கிறது. பாக்கெட் உணவு தயாரிக்கிறவர்களும் பெரும்பாலான பொருள்களில் சத்து அட்டவணை அச்சிட வேண்டும். அந்தக் கணக்கைப் போட்டு, லேபிள் விதிகளோடு ஒத்துப் பார்த்து, “புரதம் நிறைந்தது” என்று எழுத இந்தப் பொருளுக்குத் தகுதி உண்டா என்று சொல்ல ஆள் வேண்டும். சிறுதானிய நூடுல்ஸும் ஊட்டச்சத்து மாவும் செய்கிற சின்னக் கம்பெனிகள் இதற்கு முழுநேர ஆள் வைக்க முடியாமல் பொருளுக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுக்கின்றன. லேபிள் விதிகளை ஒரு மாதம் உட்கார்ந்து படித்தால் பக்க வருமானத்துக்கு வழி பிறக்கும். தஞ்சாவூரில் நிஃப்டெம், மைசூரில் சி.எஃப்.டி.ஆர்.ஐ. என்ற உணவுத் தொழில்நுட்ப நிறுவனங்கள் இரண்டும் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகின்றன.

மருத்துவச் சத்துப்பொடிகள் விற்கும் நிறுவனங்கள் டயட்டீஷியன்களை நல்ல சம்பளம் கொடுத்து எடுக்கின்றன. டாக்டர்களிடமும் மருத்துவமனைகளிடமும் பொருளை விளக்குவது வேலை, மாத இலக்கு உண்டு. தவறான வேலை என்று சொல்லமாட்டேன். ஆனால் சட்டத்தைத் தெரிந்துகொண்டு போங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பால்பொடி, குழந்தை உணவை விளம்பரப்படுத்துவதையும், அதற்காகச் சுகாதாரப் பணியாளருக்குப் பரிசோ பணமோ கொடுப்பதையும் 1992-இல் வந்த சட்டம் தடை செய்கிறது. “மேலிடத்தில் சொன்னார்கள்” என்ற பதில் அங்கே செல்லாது.

ஐ.டி. வளாகம், தொழிற்சாலை, கல்லூரி விடுதி ஆகியவற்றுக்குச் சமைத்துத் தரும் கேட்டரிங் நிறுவனங்களிலும் இடம் உண்டு. ஆயிரம் பேருக்கு மெனு போடுவது, மூலப்பொருள் கணக்கு, சமையலறைச் சுத்தம், தரப் பரிசோதனை என்று வேலை போகும். காலில் நின்றே இருக்க வேண்டும். சமையல் மாஸ்டர்களோடு ஒத்துப்போகத் தெரியாதவர் ஒரு வாரம்கூடத் தாங்க மாட்டார்.

விளையாட்டு ஊட்டச்சத்துக்கு எல்லோருக்கும் ஆசை. இந்திய விளையாட்டு ஆணையமும் சில அகாடமிகளும் ஒப்பந்தத்தில் எடுக்கின்றன, இடங்கள் மிகக் குறைவு. ஜிம்மில் பவுடர் டப்பா விற்பதை விளையாட்டு ஊட்டச்சத்து என்று நினைத்துச் சேர்ந்துவிடாதீர்கள். ஆசிரியப் பணி வேண்டுமென்றால் முதுகலைக்குப் பின் ஹோம் சயின்ஸ் பாடத்தில் யு.ஜி.சி. நெட் என்ற கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு எழுத வேண்டும். எம்.எஸ்சி. படிக்கும்போதே தொடங்கிவிடுங்கள், வேறு சூட்சுமம் எதுவும் இல்லை.

சொந்தமாகத் தொடங்குவது

படித்து முடித்ததும் இன்ஸ்டாகிராமில் பக்கம் திறந்து “ஆன்லைன் கன்சல்டேஷன்” போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. போடலாம். ஆனால் முதல் சர்க்கரை நோயாளி இன்சுலின் போட்டுக்கொண்டு வந்து உட்காரும்போது, உணவை எவ்வளவு குறைத்தால் சர்க்கரை ஆபத்தாக இறங்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் இரண்டு வருட மருத்துவமனை அனுபவம் இல்லாமல் நோயாளிகளைத் தனியாகப் பார்க்கத் தொடங்க வேண்டாம் என்பேன்.

தொடங்கும்போது பெரிய முதலீடு வேண்டாம். நல்ல எடை மெஷின், உயரம் அளக்கும் பட்டை, அளவு நாடா, உங்கள் பகுதி வீடுகளில் புழங்கும் கரண்டி, டம்ளர், கிண்ணம் ஒவ்வொன்று. கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். “ஒரு கப் சாதம்” என்று எழுதினால் நம் வீடுகளில் கப் கிடையாது. குழிக்கரண்டி இருக்கிறது, அதுவும் வீட்டுக்கு ஓர் அளவு. என் மேசையில் மூன்று அளவுக் குழிக்கரண்டிகள் இருக்கும். “உங்க வீட்டுல எது?” என்று கையில் எடுக்கச் சொல்வேன். அதை வைத்துத்தான் சார்ட் எழுதுவேன்.

நேற்று என்ன சாப்பிட்டார் என்று கேட்பதுதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி. பாடத்தில் அதை 24 மணி நேர நினைவுகூரல் என்று படித்திருப்பீர்கள். நடைமுறையில் அது இப்படிப் போகும்.

“காலைல என்னங்கய்யா சாப்ட்டீங்க?”

“ரெண்டு இட்லிம்மா. அவ்ளோதான்.”

“அதுக்கு முன்னாடி?”

“ஒண்ணுமில்ல. காபி.”

பக்கத்தில் இருக்கும் மனைவி பொறுக்காமல் வாயைத் திறப்பார். “ஆமா, வீட்டுல ரெண்டு இட்லிதான். அஞ்சரைக்கு டீக்கடைக்குப் போயி வடையும் சீனி போட்ட டீயும் முடிச்சுட்டு வர்றத யாரு சொல்லுவா?”

பெரியவர் சிரிப்பார். நீங்களும் சிரிக்க வேண்டும். அங்கே முகத்தைச் சுளித்தால் அடுத்த முறை அந்த வடை கணக்கில் வராது, அவரும் வரமாட்டார். வடையை நிறுத்தச் சொல்லாமல் வாரத்துக்கு இரண்டு நாள் என்று பேரம் பேசுங்கள். டீயில் சீனியை எடுங்கள். அரிசிக்குப் பதில் சப்பாத்தி என்று ஐந்து சப்பாத்தி சாப்பிடுகிறவரிடம், மாவும் மாவுச்சத்துதான் என்று அவர் வீட்டுக் கணக்கிலேயே போட்டுக் காட்டுங்கள்.

செய்யக் கூடாதவை சில. பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போடாதீர்கள், பிஹெச்.டி. முடித்தவர்களும் நோயாளி முன்னால் குழப்பம் வராமல் பார்த்துக்கொள்வது நல்லது. மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ சொல்லாதீர்கள், அது மருத்துவர் வேலை. “சர்க்கரை நோயைக் குணப்படுத்துகிறோம்” என்று விளம்பரம் போட்டால் 1954-ஆம் வருட மாய மருந்துகள் சட்டம் பாயும். சத்துமாவு செய்து விற்கப் போகிறீர்கள் என்றால் எவ்வளவு சின்ன அளவானாலும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு வேண்டும்.

நோயாளிகள் எப்படி வருவார்கள்? பெரும்பாலும் மருத்துவர்கள் அனுப்பித்தான். உங்கள் ஊரில் சர்க்கரை, சிறுநீரகம், மகப்பேறு பார்க்கும் மருத்துவர்களை நேரில் போய்ப் பாருங்கள். முதல் நோயாளியை அனுப்பியதும், என்ன உணவு கொடுத்தோம், எதைக் கவனிக்க வேண்டும் என்று அரைப் பக்கத்தில் அவருக்குத் திருப்பி எழுதுங்கள். நான் வாரம் இரண்டு மாலை தனியாகப் பார்க்கிறேன், அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்த அரைப் பக்கத்தால் வந்தவர்கள்தான்.

வெளிநாடு போகிறவர்களுக்கு

வளைகுடா நாடுகளில் உரிமம் இல்லாமல் டயட்டீஷியனாக வேலை செய்ய முடியாது. துபாய், அபுதாபி, சவுதி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அமைப்பு, தனித் தேர்வு. அதற்கு முன் டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் உங்கள் பட்டத்தையும் அனுபவத்தையும் நேரடியாகக் கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் எழுதிச் சரிபார்க்கும். இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். வேலை பார்த்த சின்ன மருத்துவமனையின் ஹெச்.ஆர். பதில் போடமாட்டார், அல்லது அவர்கள் பதிவேட்டில் உங்கள் பதவி வேறு பெயரில் இருக்கும். வேலையை விட்டு வரும்போதே பதவியின் பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் உள்ள கடிதத்தை லெட்டர்ஹெட்டில் வாங்கிவிடுங்கள்.

அமெரிக்காவில் டயட்டீஷியன் பதிவுத் தேர்வு எழுத 2024 ஜனவரி 1 முதல் முதுகலைப் பட்டம் கட்டாயம், அதோடு மேற்பார்வையில் பயிற்சி நேரமும் காட்ட வேண்டும். பிரிட்டனில் ஹெச்.சி.பி.சி. என்ற சுகாதாரத் தொழில் மன்றத்தின் பதிவு இல்லாமல் டயட்டீஷியன் என்று சொல்லிக்கொள்வதே குற்றம். இந்தியாவில் படித்த பட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போய் இந்த இரண்டு நாடுகளிலும் உடனே வேலையில் சேரலாம் என்று சொல்லும் ஏஜென்ட் பொய் சொல்கிறார்.

நேர்முகத் தேர்வுக்குப் போகும் முன்

மருத்துவமனை நேர்முகத் தேர்வில் நாங்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஒரு நோயாளியைச் சொல்வோம்: 58 வயது, 62 கிலோ, பத்து வருடச் சர்க்கரை, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) ஏறியிருக்கிறது, இன்னும் டயாலிசிஸ் இல்லை, கறி மீன் சாப்பிடுவார். உணவு போடுங்கள் என்போம்.

பாதிப் பேர் கலோரி, புரதம் கணக்கைக் கடகடவென்று சொல்லிவிடுவார்கள். சரி, நாளைக் காலை அவர் தட்டில் என்ன வைப்பீர்கள் என்று கேட்டால் “ஓட்ஸ், ப்ராக்கோலி, க்ரில்டு சிக்கன்” என்பார்கள். அவர் மணப்பாறைப் பக்கம் விவசாயி என்று சொன்னதும் பேச்சு நின்றுவிடும். போன வருடம் வந்த பெண் ஒருத்தி கணக்கில் கொஞ்சம் தடுமாறினாள். ஆனால் பேனாவை வைத்துவிட்டு எங்களையே திருப்பிக் கேட்டாள்: “மேடம், அவர் வீட்டுல யாரு சமைக்கிறாங்க? காலைல பழையது குடிப்பாரா? பொட்டாசியம் எவ்வளவு இருக்கு?” அவளை எடுத்துக்கொண்டோம். கணக்கை இரண்டு வாரத்தில் சரிசெய்துகொண்டாள்.